குடம்புளியும் கொழுப்பும்

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக மலையேறிக் குமுளியைக் கடப்போர், மாநில எல்லையோடு குழம்பின் புளிப்பும் மாறுவதைக் காணலாம். மலைக்கு இப்பால், சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும், புளி என்றால் ஓடு உடைத்துக் கொட்டை நீக்கிய புளியம்பழமே. அப்பால் மீன்குழம்பில் இடுவது குடம்புளி. சிறு பூசணிபோல் வரிவரியாகப் புடைத்த மஞ்சள் பழம் அது. அதன் தோலை வெயிலிலும் புகையிலும் கறுக்க உலர்த்திச் சேமிப்பர். நாவிற்கு இரண்டும் புளிப்பே. வேதியியலாருக்கோ அவை வெவ்வேறு பொருள்கள்.

நம் புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது. குடம்புளியிலும் அதுவும் சிட்ரிக் அமிலமுமே உள்ளன என்று முன்னர்க் கருதி வந்தனர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவரும் 1965-ஆம் ஆண்டில் இக்கருத்தைத் திருத்தினர். பழத்தின் முதன்மை அமிலம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று அவர்கள் காட்டினர். உடலை இளைக்கச் செய்வதோடு இதற்குத் தொடர்புண்டு என்னும் எண்ணம் அதன் பின்னரே எழுந்தது.

அதற்கு வழிகோலியது 1969-இல் அமெரிக்காவில் லோவன்ஸ்டைனும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட முடிவு. நாம் உண்ணும் மாவுப்பொருளில் மிகுதியானது உடலில் கொழுப்பாக மாறும்போது, இடையில் சிட்ரிக் அமிலம் ஒரு நொதியால் வெட்டப்பட வேண்டும். குடம்புளியின் அமிலம் சிட்ரிக் அமிலத்தைப் பெரிதும் ஒத்தது. அதனால் நொதி அதனைப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் வேலை ஓடுவதில்லை. செக்கில் எள்ளோடு எள்ளாகக் கல் சிக்கினாற்போல என்று கொள்ளலாம். பின்வந்த ஆண்டுகளில் இவ்வமிலம் ஊட்டப்பட்ட எலிகளில் கொழுப்பு உண்டாவதும் குறைந்தது; அவை தின்னும் தீனியின் அளவும் குறைந்தது. வணிகர் இதற்குமேல் காத்திருப்பரோ? குடம்புளிச் சாறு மாத்திரையாகி உலகெங்கும் விற்பனைக்கு வந்தது.

1998-இல் நியூயார்க்கில் ஹேம்ஸ்ஃபீல்டு என்பாரும் உடன் ஆய்வாளரும் 135 பேரைக் கொண்டு, 12 வாரம் நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. ஒரு சாரார்க்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் அமிலமும், மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. அமிலம் உண்டோர் சராசரி 3.2 கிலோகிராம் இளைத்தனர்; போலி மாத்திரை உண்டோர் 4.1 கிலோகிராம் இளைத்தனர்! புள்ளியியல் நோக்கில் இவ்விரண்டிற்கும் வேறுபாடு இல்லை. இதற்கு ஒரு காரணம் கூறலாம். எலியின் கல்லீரல் மாவுப்பொருளிலிருந்து ஏராளமாகக் கொழுப்பை உண்டாக்க வல்லது. வழக்கமான உணவு உண்ணும் மனிதரிடம் அப்பாதை மிகக் குறுகியது. நம் உடலில் சேரும் கொழுப்பில் பெரும்பகுதி உணவில் கொழுப்பாகவே வந்தது. ஓடாத செக்கில் கல்லைப் போட்டு என்ன பயன்? குழம்பில் இடும் இரண்டு சுளையால் கேடில்லை. செறிவூட்டிய சாற்றை நாள்தோறும் விழுங்கியவர் சிலர்க்குக் கல்லீரல் பழுதுற்றதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இதே வழியில் சென்ற மற்றொரு பொருள் காட்டில் விளைந்ததன்று. சோதனைச் சாலையில் கோக்கப்பட்டது. பிட்யூட்டரிச் சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அது உடலை வளர்ப்பதோடு கொழுப்பையும் கரைக்கும். இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். கொழுப்பைக் கரைக்கும் துண்டை மட்டும் பிரித்தெடுத்தால் என்ன என்று மெல்போர்ன் நகர மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் இங் என்பார் முயன்றார். சங்கிலியின் வால்பகுதி, 176 முதல் 191 வரையிலான 16 அமினோ அமிலங்கள், அவர் கருத்தை ஈர்த்தது. முதல் இடத்தில் டைரோசினை வைத்துச் செய்த வடிவத்திற்கு ஏஓடி-9604 என்று பெயர். இத்தகைய சிறு சங்கிலிகளைப் பெப்டைடு என்பர். அவற்றை ஒவ்வோர் அமிலமாகக் கோக்கும் எளிய முறையை மெரிஃபீல்டு வெளியிட்டது 1963-இல். பெப்டைடுச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்க இயலும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய தோழர்களும் வரைபடமாக்கியதும் அதே ஆண்டில்தான் என்பதை நம்மவர் நினைவிற்கொள்வது தகும்.

பருத்த எலிகளில் இத்துண்டு எடைப் பெருக்கத்தைக் குறைத்தது. மனிதரில் 536 பேரைக் கொண்டு 24 வாரம் நடந்த சோதனையில் எதிர்பார்த்த எடைக்குறைவு கிட்டவில்லை. 2007-இல் உடற்பருமனுக்கான மருந்தாக அதனை உருவாக்கும் முயற்சி கைவிடப்பட்டது.

எனினும் பொருள் மறையவில்லை. ஆய்வகப் பயன்பாட்டிற்கு மட்டும் என்ற சீட்டுடன் சிறு குப்பிகளில் வெண்பொடியாக அது விற்கப்படுகிறது. நொதிகளையும் கொழுப்பணுக்களையும் ஆராய்வோர்க்கு அது பயன்படும் கருவியே. ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் அதனை ஊசியால் ஏற்றிக்கொள்வோரும் உளர். அப்பொடி மனித உடலுக்கென்று கிருமிநீக்கம் செய்து சோதிக்கப்பட்டதன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2013-இல், எந்த நாட்டு மருந்து ஆணையமும் மனிதரின் சிகிச்சைக்கு ஏற்காத பொருள்களின் பிரிவில் இதனைக் காட்டி, விளையாட்டு வீரர்களுக்கு இது தடை செய்யப்பட்டதே என்று அறிவித்தது.