மனித உயிரணு: அமைப்பும், பணியும், ஒரு மருந்தின் கதையும்

தமிழ்நாட்டில் படித்தவர்கள் 'செல்' என்றும் 'உயிரணு' என்றும் அறிந்திருப்பதை இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. கலம் என்றால் பாத்திரம். மரக்கலம் என்றால் கப்பல். சுற்றிலும் ஒரு சுவர், உள்ளே சரக்கு என்னும் பொருளைத் தரும் அழகான சொல். 1665இல் இராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்துச் 'சிற்றறை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை வைத்தார். அவர் கண்டவை உயிர் போன வெற்றறைகள். உயிருள்ள அறைக்குள் ஓயாமல் வேலை நடக்கிறது.

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் இரத்தச் சிவப்பணுக்கள். நடுத்தர அளவுள்ள உயிரணுக்கள் ஐம்பதை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நிறையும்.

சுவரும் சரக்கும்

உயிரணுவைச் சூழ்ந்திருப்பது கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன இரட்டை அடுக்குச் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சவ்வில் பதிந்துள்ள புரதங்களே வாயிற்காவலர்கள். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

நடுவில் உட்கரு. அதில் 46 குரோமோசோம்களாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றுடன் ஒன்று சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். சுமார் 20,000 புரதங்களுக்கான குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறது. சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள இயலாமல் சுமார் 120 நாள்களில் அழிகிறது.

உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா, அதாவது இழைமணிகள், உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு ஆற்றல் தயாரிக்கின்றன. கோல்கி அமைப்பு, தபால் நிலையம்போல், புரதங்களைப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்புகிறது. லைசோசோம்கள் கழிவைச் செரிக்கின்றன.

இத்தனைக்கும் தேவையான புரதங்களைச் செய்வது ரைபோசோம். 1955இல் நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடே மின்னணு நுண்ணோக்கியில் இதைச் சிறு மணிகளாகக் கண்டு விவரித்தார். ஒரு மனித உயிரணுவில் இவை இலட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரு துண்டுகளால் ஆனது. உட்கருவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. நகலைச் சிறு துண்டு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. அதற்கேற்ற அமினோ அமிலங்களைப் பெரிய துண்டு கோத்துப் புரதமாக்குகிறது.

பாக்டீரியாவுக்கும் ரைபோசோம் உண்டு, ஆனால் அது நம்முடையதைவிடச் சிறியது. உள்ளமைப்பும் சற்று வேறு. இந்தச் சிறு வேறுபாடுதான் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது.

நியூ ஜெர்சி மண்ணிலிருந்து

பார்சிப்பனியிலிருந்து 287ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே முக்கால் மணி நேரம் சென்றால் நியூ பிரன்ஸ்விக். அங்கே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் வளாகத்தில், இன்று மார்ட்டின் ஹால் எனப்படும் கட்டடத்தின் நிலவறையில், 1943 அக்டோபரில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். எருவிட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று, கோழியின் தொண்டையிலிருந்து ஒன்று என இரு வகைகள். அவை சுரந்த பொருள் காசநோய்க் கிருமியைத் தடுத்தது. அதுவே ஸ்ட்ரெப்டோமைசின். 1952இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டுமே கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே ஷாட்ஸ் வழக்குத் தொடுத்து, இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற உரிமையைப் பெற்றிருந்தார். அந்த நுண்ணுயிரை நியூ ஜெர்சி 2019இல் தன் மாநில நுண்ணுயிராக அறிவித்தது.

இம்மருந்தின் அருமை தமிழ் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். புதுமைப்பித்தன் காசநோயால் மறைந்தது 1948இல். அப்போது வயது 42. அதே ஆண்டில்தான் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினை முறைப்படி சோதித்த முடிவுகள் வெளியாயின. மருந்து பலன் தந்தது. ஆனால் அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் கிருமி விரைவில் அதற்குப் பழகிவிடுகிறது என்பதும் அப்போது தெரிந்தது. காசநோய்க்கு இன்றும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அணு அணுவாகத் தெரிய 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்ஸ்மன் நோபல் பெற்ற அதே 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பரோடாவில் வளர்ந்து, ஒஹாயோவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடி மாணவராகி உயிரியல் கற்றவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவர் குழு பாக்டீரியா ரைபோசோமின் சிறு துண்டைப் படிகமாக்கி, ஊடுகதிரால் அதன் வடிவத்தைக் கண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் அதில் எங்கே ஒட்டிக்கொள்கிறது என்பதும் தெரிந்தது. மருந்து ஒட்டியதும் ரைபோசோம் எழுத்தைத் தவறாகப் படிக்கிறது; தவறான அமினோ அமிலங்களைக் கோக்கிறது; பாக்டீரியா மடிகிறது. 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காது கேளாமை ஏன்?

இந்த மருந்துக்கு ஒரு வேண்டாத குணமும் உண்டு. சிலருக்குத் தலைசுற்றலும், உடல் நிலைகுலைதலும், செவிட்டுத்தன்மையும் வருகின்றன. ஒரு காரணம் இழைமணிக்குள் இருக்கிறது. இழைமணிகள் மிகப் பழங்காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். அவற்றுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு, பாக்டீரியா சாயல் மாறாத ரைபோசோமும் உண்டு.

அந்த டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் இழைமணியின் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை இன்னும் நெருங்கிவிடுகிறது என்று 1993இல் கண்டறியப்பட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் வழக்கமான அளவிலேயே செவித்திறனைப் பறித்துவிடலாம். போன செவித்திறன் திரும்புவதில்லை. இந்த மாற்றம் இல்லாதவர்களுக்கும் அதிக அளவிலோ நெடுநாளோ கொடுத்தால் பாதிப்பு வரலாம்.

இழைமணிகள் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகின்றன. எனவே அம்மா, பாட்டி, மாமா, சித்தி என்று தாய்வழியில் யாருக்காவது 'ஊசி போட்ட பிறகு காது போயிற்று' என்ற பழைய பேச்சு உங்கள் குடும்பத்தில் இருந்தால் அதை வெறும் கதை என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்க மருத்துவமனைகளில் குடும்ப நோய் வரலாறு கேட்கும் படிவத்தில் அதையும் எழுதுங்கள். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்வதும் நல்லது.