ஒப்பந்தமாக எழுதப்பட்ட மீட்பு: ஆரணி வட்டாரக் கிறித்தவமும் பாவத்தை வெல்லும் வழிகளும்

பாவத்தை வென்ற கதை இன்று தமிழ்க் கிறித்தவக் கூட்டங்களில் பெரும்பாலும் 'சாட்சி'யாகவே சொல்லப்படுகிறது. குடித்தேன், கடன்பட்டேன், வீட்டில் சமாதானம் இல்லை. ஒரு நாள் ஆண்டவர் என்னைச் சந்தித்தார். இப்போது விடுதலையாக இருக்கிறேன். பேசுவது ஓர் ஆள், போராட்டம் நடப்பது அவருடைய மனத்துக்குள். இந்த வடிவம் நமக்குப் பழகிவிட்டதால் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், குறிப்பாக ஆரணியைச் சுற்றிய சிற்றூர்களில், சீர்திருத்தக் கிறித்தவம் பரவிய நாட்களில் பாவத்தை விடுவது ஊர் கூடிச் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தமாக இருந்தது. ஊரறியச் செய்த அந்த ஒப்பந்தம் எப்படி உள்ளத்து அனுபவமாக மாறியது என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது. அந்த மாற்றத்தில் இறையியலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பிழைப்புக்கும் சட்டத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் வாதம்.

அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் அமைக்கப்பட்டது. இலங்கையிலும் பின்னர் சென்னையிலும் ஊழியம் செய்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் பிள்ளைகளான ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்தத் திருச்சபைதான் இவர்களுடைய தாய்ச்சபை. வேலூர், ஆற்காடு, சித்தூர் ஆகியவற்றோடு ஆரணியும் 1850களிலேயே இவர்களுடைய பணித்தளமாகிவிட்டது. ஆரணியில் ஜோசப் ஸ்கடர் இருந்தார்.

இந்த மிஷனுக்குத் தொடக்கத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. கிறித்தவர் அல்லாதாருக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, பிரசங்கமும் புத்தகமும் போதும் என்றார்கள். ஆங்கிலக் கல்வியைக் காட்டி மேல்சாதியாரை ஈர்த்துக்கொண்டிருந்த சென்னை மிஷன்களுக்கு இது நேர் எதிர்த் திசை. சந்தை, திருவிழா, சத்திரத் திண்ணை எனச் சனம் கூடும் இடமெல்லாம் நின்று தமிழில் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கென ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தமிழில் எழுதிய கைநூலை அவருடைய தம்பி ஜேர்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'பஜார் புத்தகம்' என்ற பெயரில் 1869இல் அது சென்னையில் அச்சாயிற்று. குரு, சாதி, மந்திரம், மறுபிறப்பு போன்ற பொருள்களை எடுத்துக்கொண்டு வாதம் செய்யும் நூல் அது. தர்க்கத்தில் வென்றால் மனம் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை அதன் அடியில் ஓடுகிறது. கடைத்தெரு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. கேட்டார்கள், எதிர்க்கேள்வி போட்டார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

ஆரணி நகரத்து நெசவாளர்கள் ஏன் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பட்டுத்தறி தனி ஆளின் தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை. நூல் தருபவர், சாயம் போடுபவர், பாவு பிணைப்பவர், சரிகை கொடுப்பவர், முன்பணம் தந்து சேலையை எடுத்துக்கொள்பவர் என்று ஒரு சங்கிலியே தறிக்குழியில் இருப்பவரைப் பிடித்திருக்கிறது. காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்தால் அதை இழுத்துப் பிடிக்க அண்டை வீட்டார் வேண்டும். அந்த அண்டை வீட்டார் சொந்தக்காரராகவும் இருப்பார்கள். சாதியிலிருந்து விலக்கப்பட்டவனுக்குப் பாவைப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். தவிர, செங்குந்தருக்கு முருகனும் நவவீரர் மரபும் உண்டு. சௌராஷ்டிரர் வைணவ பக்தியில் ஊறியவர்கள். பாவம், மன்னிப்பு, அருள் என்ற பேச்சு அவர்களுக்குப் புதிதாகவே இல்லை.

வந்தவர்கள் சேரிக்காரர்கள். 1860களின் தொடக்கத்திலிருந்து மிஷனுக்குத் தனி ஆட்களைவிடக் குடும்பங்கள் கூட்டமாக வரலாயின. ஊர்ப் பெரியவர்கள் ஒன்றுகூடிப் பேசி, உபதேசியார் ஒருவரை அனுப்பும்படி கேட்பார்கள். அதற்கு மிஷன் நிபந்தனைகள் வைத்தது: சிலை வணக்கத்தை விட வேண்டும், சாதி பார்க்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டிறைச்சி உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது. உடன்படுபவர்கள் அதை எல்லார் முன்பும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான்.

இந்த நிபந்தனைகளைப் படிப்பவர்கள் இதை ஒழுக்கப் பட்டியலாக எண்ணிக் கடந்துவிடுவார்கள். சற்று நின்று பார்க்க வேண்டும். செத்த மாட்டை எடுத்துச் செல்வது பறையர் சமூகத்தின்மேல் ஊர் சுமத்திய கடமை. அதன் தோலும் இறைச்சியும் அந்தக் கடமைக்கான கூலி. 'இனி உண்ணமாட்டோம்' என்று ஒரு சேரி சொன்னால், ஊரில் ஒரு மாடு செத்த மறுநாள் காலையே அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்துவிடும். கள்ளும் அப்படித்தான். திருவிழாவிலும் சாவு வீட்டிலும் பறையடிக்கப் போனவருக்குக் கிடைக்கும் பங்கில் கள்ளும் சேர்த்தி. அதை மறுத்தால் பறையடிப்பையே மறுத்த கணக்கு. ஞாயிறு ஓய்வுதான் இவற்றில் கடுமையானது. படியாளுக்குச் சொந்த நேரம் என்று ஒன்று கிடையாது. நிலக்காரர் கூப்பிட்டால் ஏற்றம் இறைக்கப் போக வேண்டும். தகப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைத்தாக வேண்டும். வாரத்தில் ஒரு நாளைத் 'தேவனுடைய நாள்' என்று சொல்லிக் கூப்பிட்ட குரலுக்குப் போகாமல் இருப்பது, என் நேரத்துக்கு நீ எசமான் அல்ல என்று சொல்வதற்குச் சமம். வட்டாரத்து நிலக்காரர்களுக்கு இது உடனே புரிந்தது. மிஷனரிகளுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது என்பது என் மதிப்பீடு.

சென்னை மாகாணத்துப் பறையர் நிலையை ஆராய்ந்த ரூபா விஸ்வநாத், 2014இல் வெளியான தம் நூலில் இதையொட்டிய ஒரு முடிச்சை அவிழ்க்கிறார். மதம் மாற வருபவர்களின் நோக்கம் ஆன்மிகமா, உலகியலா என்ற சந்தேகம் மிஷனரிகளை ஓயாமல் அரித்தது. வந்தவர்களுக்கோ அப்படி இரண்டாகப் பிரிக்க எதுவும் இருக்கவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான், இன்று பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பதற்கு வழி திறந்தது. அடிமைத்தனத்தை நிலப் பிரச்சினையாக அரசு பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, ஆரணிப் பக்கத்துச் சேரிகள் அதைப் பாவப் பிரச்சினையாக்கி எதிர்த்திருந்தன.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. செத்த மாட்டை உண்பவன் பாவி. உண்ணும் நிலைக்கு அவனைத் தள்ளியவன் பட்டியலில் இல்லை. குடிப்பது பாவம்; கூலிக்குப் பதில் கள் ஊற்றுவது கணக்கில் வரவில்லை. நிலக்காரர் கிறித்தவராக வராததால் அவருடைய பாவத்தைப் பற்றிச் சபை பேச வேண்டியிருக்கவில்லை. இதனால் பாவம் என்பது ஏழையின் வழக்கங்களுக்குப் பெயராகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

எது பாவம் என்பதில் மிஷனரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதற்குக் குடுமி விவகாரம் நல்ல சான்று. குடுமி வைத்திருப்பது சிலை வணக்கத்தின் அடையாளம், கிறித்தவன் வெட்டிவிட வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். இதற்கெதிராகத் திருநெல்வேலியிலிருந்த கால்டுவெல் 1867இல் தனிக் கட்டுரையே எழுதி, குடுமி நாட்டு வழக்கம், மதச் சின்னம் அல்ல என்றார். மொழி ஒப்பிலக்கணத்துக்கு 1856இல் அடித்தளம் போட்ட அறிஞர் தலைமுடிக்காகவும் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் நம்பிக்கை என்பதற்கு வேறொரு பொருள் தந்தது. வட ஆற்காடு கடுமையாக அடிபட்டது. ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் பாரிசு வேற்றுநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த தராஸ் அடிகளார் அப்போது பணியாற்றினார். 1835இல் பிறந்து 1916இல் மறைந்த அவரை வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்றே கத்தோலிக்கர் அழைக்கிறார்கள். பஞ்சத்தின்போதும் அதன் பிறகும் ஆயிரக்கணக்கானவர்கள் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர் எழுப்பிய லூர்து மாதா கோவிலின் கோபுரம் அந்தச் சமவெளியில் வெகுதூரத்திலிருந்தே தெரியும்.

கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற ஏளனம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய கையை அவன் நம்பியதில் ஏளனம் செய்ய என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆய்வுக்கு முக்கியமானது வேறு. கத்தோலிக்க முறையில் பாவத்தை வெல்வதற்கு முன்நிபந்தனைப் பட்டியல் கிடையாது. ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு சுற்று உண்டு. தவக்காலம், பாவசங்கீர்த்தனம், பாஸ்கா, மாதா திருவிழா. விழுந்தவன் அடுத்த சுற்றில் எழுந்துகொள்ளலாம். ஸ்கடர்களின் சபையில் விழுந்தவன் ஒப்பந்தத்தை மீறியவன் ஆகிவிடுவான். ஒரே பஞ்சம், ஒரே சமூகம், இருபது முப்பது கிலோமீட்டர் இடைவெளி. பாவத்தோடு மல்லுக்கட்ட இரண்டு வெவ்வேறு முறைகள்.

ஆற்காடு மிஷனின் கடுமையில் ஒரு முரணும் இருந்தது. அவர்களுடைய தாய்ச்சபை ஏற்றுக்கொண்டிருந்த ஹைடல்பர்க் ஞானோபதேசம் 1563இல் உருவானது. 129 வினா விடைகள். மனிதனின் துயரம், அவனுடைய விடுதலை, விடுதலைக்கு அவன் காட்டும் நன்றி என்று மூன்று பகுதிகளாக நடக்கும். மிகத் தேறிய பக்தருக்கும் இம்மையில் தொடக்க அளவு கீழ்ப்படிதலே கூடிவரும் என்பது அதன் நிலைப்பாடு. அதாவது முழு வெற்றி மறுமையில்தான். ஏட்டில் இப்படி ஒரு நிதானம். சேரியில் கேட்டதோ நாளைக் காலையே கண்ணுக்குத் தெரியும் வெற்றி.

இந்த முரணுக்குள் புதிய காற்று ஒன்று நுழைந்தது. இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் 1875இல் தொடங்கிய கூட்டங்கள், பரிசுத்த ஆவியால் நிறைந்தவர்கள் இம்மையிலேயே பாவத்தின் பிடியை மேற்கொண்டு வாழலாம் என்று போதித்தன. தமிழ்நாட்டில் இதைப் பரப்பியவர்களில் பெயர்பெற்றவர் தமிழ் தாவீது என்றழைக்கப்பட்ட வி. டி. தாவீது. இவர் எழுதிய சிறு புத்தகம் ஒன்று கடல் தாண்டி உகாண்டாவுக்குப் போயிற்று. அங்கே மிஷனரியாக இருந்த ஜார்ஜ் பில்கிங்டன், ஊழியத்தில் சோர்ந்து, 1893 டிசம்பரில் விக்டோரியா ஏரியிலுள்ள கோமே தீவில் ஒதுங்கியிருந்தபோது அதைப் படித்தார். திரும்பி வந்து அவர் நடத்திய கூட்டங்களிலிருந்து உகாண்டாவின் முதல் எழுப்புதல் பிறந்தது. தமிழன் எழுதியதை அயர்லாந்துக்காரன் படித்து ஆப்பிரிக்கனிடம் பேசியிருக்கிறான். மிஷன் வரலாறு எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதாக எழுதுபவர்கள் இந்தச் செய்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தாவீது வழிவந்த போதனையில் பாவத்தின் இருப்பிடம் மாறிவிட்டது. ஒப்பந்தம் ஊருடைய நடவடிக்கையைப் பார்த்தது. எழுப்புதல் கூட்டம் தனி ஆளின் இருதயத்தைப் பார்த்தது. அறிக்கையிடுவது, அழுவது, நிறைவது, சாட்சி சொல்வது என ஒரு புது நடைமுறை பிறந்தது. 1920களில் இலங்கையில் எழுந்த பெந்தெகொஸ்தே மிஷன் அதைத் தமிழ்நாட்டுக்குள் மேலும் இறுக்கமாகக் கொண்டுவந்தது. வெள்ளை உடை, மருந்து தொடாமை, முழுப் பரிசுத்தம் என்பவை அதன் அடையாளங்கள்.

பட்டூர்க்காரர்களுக்காக ஒரு கிளைச்செய்தி. ஜாம்செட்ஜி டாட்டா பெங்களூரில் ஜப்பானிய முறையில் ஏற்படுத்திய பட்டுப் பண்ணை 1910இல் இரட்சணிய சேனையின் கைக்கு வந்தது. குற்றப் பழங்குடிகள் என்று அரசு முத்திரை குத்திய மக்களைத் திருத்தும் வேலையையும் அதே சேனை ஏற்றிருந்தது. புழு வளர்ப்பும் தறியும் பாவத்திலிருந்து மீளும் வழிகள் என்று அதன் தலைவர் பூத் டக்கர் மெய்யாகவே நம்பினார். பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு சட்டம் சொன்னதை அந்த நம்பிக்கை கேள்வி கேட்கவில்லை.

வேறொரு திசை திருப்பத்தூரில் திறந்தது. 1921இல் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அவர்களைச் சனங்கள் அழைத்தார்கள். கதர் உடுத்தினார்கள், கோபுரம் வைத்த கோவில் கட்டினார்கள். வெள்ளைக்காரச் சின்னண்ணன் 1932இல் சென்னையில் காவலர்களிடம் அடிபட்டார். அடிமைப்படுத்துவதும் பாவம் என்ற உணர்வு, சேரி ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போன அந்த வரி, இங்கே கொஞ்சம் தலைகாட்டுகிறது.

ஆற்காடு மிஷனின் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. ஆரணி இன்று 1976இல் பிரிக்கப்பட்ட வேலூர்ப் பேராயத்தில் இருக்கிறது. இந்த இணைப்புகளைவிட, 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை ஆரணி வட்டாரத்துச் சபையை ஆழமாக மாற்றியது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் விலக்குக் கிடைத்தது. கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் இல்லையா என்று உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்வதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று 1985இல் வழக்கு தள்ளுபடியானது.

விளைவு கண்கூடு. 1860களில் ஒப்பந்தத்துக்கு உடன்பட்டவர் நிலக்காரரின் தயவை இழந்தார். 1950க்குப் பிறகு வெளிப்படையாக ஞானஸ்நானம் பெறுபவர் சாதிச் சான்றிதழை இழக்கிறார். பள்ளிப் பதிவேட்டில் இந்து ஆதிதிராவிடர், ஞாயிறன்று ஜெபவீட்டில் விசுவாசி என்ற இரட்டை வாழ்வு தமிழ்நாடு முழுக்கப் பரவியது இதனால்தான். ஊர் முன்னிலையில் கையெழுத்திட முடியாதபோது வெற்றி உள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்முகப் போதனை வேரூன்ற இந்தச் சட்டம் செய்த உதவியை எந்த எழுப்புதல் பிரசங்கியாரும் செய்யவில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு இதை மறுபக்கம் திருப்பப் பார்த்தார். பரட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்த அவர், பறையோடு பாடும் கிராமிய வழிபாட்டு முறையை அமைத்தார். ஒப்பந்தக் காலத்தில் விட்டுவிடச் சொன்ன அதே பறை. திருவிருந்தை 'ஒரே உலை' என்று விளக்கி, எல்லாரும் அரிசி போட்டுச் சேர்ந்து பொங்கி உண்பதே பாவமன்னிப்பின் அடையாளம் என்றார். தனியாகச் சமைப்பதும் தனியாகப் புதைப்பதும் பாவம் என்பது அவருடைய கணக்கு. அவர் 2005இல் காலமானார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரையும் மற்றவரையும் பிரித்த சுவர் அவருக்குப் பிறகும் வழக்குக்கும் போராட்டத்துக்கும் பொருளாக இருந்துவந்தது. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி உண்டா என்பதை ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. மதம் மாறிய பின்னும் சாதி விட்டுப்போவதில்லை என்று அந்த ஆணையத்தின் முன் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, சாதியை வென்றோம் என்று ஒரு காலத்தில் ஊரறிய உடன்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்மேல் விழுந்தது.