துண்டுக்கு அடியில் ஒரு தொகை

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் சின்ன வயதில் நான் வேடிக்கை பார்த்து நின்ற விஷயம் ஒன்று உண்டு. தரகரும் மாடு வாங்க வந்தவரும் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். துண்டை எடுக்கும்போது விலை முடிந்திருக்கும். எப்படி முடிந்தது என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

போன வருடம் ஊர் நண்பன் ஒருவன் போன் செய்தான். ஓசூரில் ஷிப்ட் வேலை. மனைவி பிரிந்துபோய், மகளோடு எல்லைக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறாள். "மச்சி, நீ சாஃப்ட்வேர்லதானே இருக்க? ஒரு எக்செல் போட்டுக் குடுடா. என் சம்பளம், அவ சம்பளம், பாப்பா செலவு எல்லாம் போட்டா கோர்ட்ல எவ்ளோ கட்டச் சொல்லுவாங்கன்னு வரணும்."

போட்டேன். சம்பளம், ஓ.டி., பிடித்தம், வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வேன், மருந்து என்று வரிசைகள் நிரம்பின. கடைசிக் கட்டத்தில் ஃபார்முலா எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. எழுத ஒன்றுமில்லை. அது ஏன் இல்லை என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

ஜீவனாம்சம் நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் வந்தது பிள்ளையின் உரிமை என்ற பெயரில் அல்ல. 1872 சட்டத்தைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வருவதைத் தடுக்கும் ஏற்பாடாகத்தான் இதைப் பார்த்தார். தெருவுக்கு வராமல் இருக்க எவ்வளவு போதும் என்பதுதான் கேள்வி. அதனால் சட்டம் கணக்கைச் சொல்லாமல் உச்சவரம்பைச் சொன்னது. 1898 சட்டத்தின் 488வது பிரிவில் மாதம் 50 ரூபாய். 1923இல் அது 100 ஆனது, 1955இல் 500. 1973இல் புதிய சட்டம் எழுதி 125வது பிரிவு என்று பெயர் மாற்றியபோதும் அந்த 500 அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. 2001 செப்டம்பரில் உச்சவரம்பே நீக்கப்படும்வரை மத்தியச் சட்டத்தில் அதுதான். இடையில் சில மாநிலங்கள் மட்டும் தங்கள் அளவில் உயர்த்திக்கொண்டன.

46 வருடம் ஒரே தொகை. நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், 1955இல் 500 ரூபாய்க்கு 7 பவுனுக்கு மேல் தங்கம் வாங்கலாம். 2001இல் அதே 500க்கு ஒரு கிராமும் கொஞ்சமும்தான்.

நடுவில் 1978இல் ஒரு நல்லது நடந்தது. 'மொத்தமாக 500' என்ற சொற்கள் யாரைக் குறிக்கின்றன என்ற கேள்வி கேப்டன் ரமேஷ் சந்தர் கௌஷல் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து 500ஐப் பங்கு போடத் தேவையில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 500 வரை தரலாம் என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பிள்ளை அம்மாவின் வாலாக இல்லாமல் தனித் தலையாக எண்ணப்பட்டது.

எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. தொண்ணூறுகளில் எனக்கென்று மாதம் 200 ரூபாய் கட்டச் சொல்லி ஓர் உத்தரவு வந்தது. அம்மாவுக்கு அது அவமானமாக இருந்தது. அப்பாவுக்கு அநியாயமாக இருந்தது. ஏன் 150 இல்லை, ஏன் 300 இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாததால், எதிராளிதான் ஏதோ செய்துவிட்டார் என்று கடைசிவரை நம்பினார்கள்.

வரம்பு போனது நியாயம்தான். ஆனால் அந்த இடத்தில் கணக்கு முறை எதுவும் வந்து உட்காரவில்லை. நீதிமன்றங்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தன. 2000இல் பத்மஜா சர்மா வழக்கில், பெற்றோர் இருவரும் சம்பாதிக்கும்போது பிள்ளையின் செலவை அப்பா இரண்டு பங்கு, அம்மா ஒரு பங்கு என்று சுமக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் குடும்ப வருமானத்தை ஒரு கேக்காகப் பார்த்தது: சம்பாதிப்பவருக்கு இரண்டு துண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. இவை எல்லாமே அந்தந்த வழக்கின் விடைகள். என் நண்பனின் எக்செலில் ஒட்ட முடியாது.

அப்போ வெளிநாடு மாதிரி ஒரு ஃபார்முலா வைத்துவிடலாமே? இன்ஜினியரான எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980களிலேயே ஒரு பிள்ளைக்கு வருமானத்தில் 17 சதவீதம், இரண்டுக்கு 25, மூன்றுக்கு 29 என்று வைத்தார்கள். எளிமையானதுதான், ஆனால் பிள்ளையை வைத்திருப்பவரின் சம்பளம் அந்தக் கணக்கில் வரவே வராது. பிரிட்டன் 1993இல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃபார்முலா போட்டது. அது யாருக்கும் புரியாமல் சிக்கி, 2003இல் 15, 20, 25 சதவீதத்துக்கு இறங்கியது. அங்கே பிள்ளை வருடத்தில் 52 இரவுகள் கட்டுபவர் வீட்டில் தங்கினால் தொகை ஏழில் ஒரு பங்கு குறையும். 51வது இரவுக்கும் 52வது இரவுக்கும் நடுவில் பணம் வந்து படுத்துக்கொள்கிறது. கோட்டை எங்கே போட்டாலும் மனிதர்கள் கோட்டை ஒட்டித்தான் நடப்பார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், வருமானம் என்பதே நிலையாக இல்லை. ஓ.டி. உள்ள மாதம் வேறு, இல்லாத மாதம் வேறு. கான்ட்ராக்ட் வேலைக்காரருக்கு அடுத்த வருடமே வேறு கம்பெனி. சந்தையில் ஆடு விற்பவருக்கு சம்பளச் சீட்டே கிடையாது. சதவீதம் சொல்வது சுலபம். எதில் சதவீதம்?

அதனால்தான் 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஃபார்முலா தரவில்லை. இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் குறித்த படிவத்தில் பிரமாணமாகத் தர வேண்டும் என்றது. மனு போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காக வேண்டும் என்றது. படிப்புச் செலவு பொதுவாக அப்பாவுடையது, அம்மாவும் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்றது. ப்ரோகிராமர் பாஷையில், அவுட்புட்டை விட்டுவிட்டு இன்புட்டைச் சரிசெய்த தீர்ப்பு. 2024 ஜூலையிலிருந்து 125வது பிரிவு போய் புதிய சட்டத்தின் 144வது பிரிவு வந்துவிட்டது. அதிலும் ஃபார்முலா இல்லை.

பாதித் துண்டு விலகியிருக்கிறது என்று சொல்லலாம். மீதிப் பாதி, உத்தரவிலேயே கணக்கைக் காட்டுவது: பிள்ளைக்கு மாதம் இவ்வளவு ஆகிறது, அப்பாவின் பங்கு இது, அம்மாவின் பங்கு இது, அம்மா தினமும் செய்யும் வேலைக்கு இவ்வளவு மதிப்பு வைத்தோம், விலை ஏறினால் இப்படி ஏறும். இப்போது தொகையை மாற்ற வேண்டுமென்றால் லீவு போட்டு மறுபடி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பிள்ளை மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போனது அந்த உத்தரவுக்குத் தெரியாது.

நண்பனுக்கு எக்செலை அனுப்பினேன். கடைசிக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, "இதை அவளுக்கும் அனுப்பு, அவ வரிசைய அவளே நிரப்பட்டும்" என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஷீட் திரும்பி வந்தது. அவள் சம்பளத்தை நிரப்பியிருந்தாள். கீழே புதிதாக ஒரு வரிசை சேர்த்திருந்தாள்: 'பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா நான் போடுற லீவு.'

அது என் ஷீட்டில் இல்லாத வரிசை. என் அம்மாவுக்கு வந்த உத்தரவிலும் இருந்திருக்காது.