சாரலும் துருவும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று மலைக்கணவாய் வழியே வந்து குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாக இறங்குகிறது. அருவிக்கு வருவோர் கொண்டாடும் அந்த ஈரம்தான் பழைய கார்த் தகட்டுக்குப் பகை.

உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் போன்ற இரும்புடல் கார்களில், கால்மிதிக்கு அடியிலும் கதவின் கீழ்மடிப்பிலும் துரு சத்தமில்லாமல் வளரும். பெயின்ட் கொப்பளித்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும். அரித்த தகடு பொரபொரவென்று உள்ளே போய்விடும். அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே டிங்கரிங். துருவின் மேலேயே பள்ளம் நிரப்பும் பட்டியைப் பூசுவது வேலையே அல்ல. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் அரிப்பு தொடரும்.

டிங்கரிங் முடிந்தால் அடுத்தது வண்ணம். 1920களில் டூபாண்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ வண்ணம் வந்தது. வாரக்கணக்கில் காய்ந்த வார்னிஷ் போய், மணிக்கணக்கில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணம் பரவியது. பட்டறைகளில் அந்த வணிகப்பெயரே வேலையின் பெயராகவும் ஆனது. வாட்டர் பேப்பரும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் வண்ணத்துக்கு முந்தைய தேய்ப்பு வேலையை வீட்டு முற்றத்திலேயே முடிக்கலாம். வண்ணம் அடிக்க மட்டும் சாரல் ஆகாது. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சில் படிய, பளபளப்பு வெள்ளை பூத்து மங்கிவிடும். அதற்கு மாசி, பங்குனி வெயிலே ஏற்றது.