பூனைக்காலி விதையும் டோபமைன் ஆய்வு வரலாறும்

வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலிக் கொடி, காரைக்குடியை அடுத்த கண்டனூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களுக்குப் புதிதன்று. அதன் காயிலுள்ள சுணை மேனியில் பட்டால் தாங்கவியலா அரிப்பு உண்டாகும். அச்சுணை வயிற்றுப் புழுவை நீக்கவும், விதை நரம்புக்கு வலுவூட்டவும் நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்துள்ளன. நரம்புக்கடத்திகள் பற்றிய ஆய்வு வரலாற்றில் இவ்விதைக்குரிய இடம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1937ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டனர். எல்-டோபாவை முதலில் பிரித்தெடுத்தவர்கள் இவர்கள் அல்லர். 1913இலேயே மார்க்குஸ் குக்கன்ஹைம் ஐரோப்பிய அவரை வகையொன்றிலிருந்து அதனைப் பெற்றிருந்தார். எனினும் நம் வேலியோரக் கொடியில் அது மிகுதியாக உண்டு என்பது சென்னையில்தான் நிறுவப்பட்டது.

அன்று அதன் பயனை எவரும் அறிந்திலர். அடுத்த ஆண்டே பீட்டர் ஹோல்ட்ஸ், எல்-டோபாவை டோபமைனாக மாற்றும் நொதியைக் கண்டறிந்தார். ஆயினும் நாரட்ரினலின் உருவாகும் வழியில் தோன்றும் ஓர் இடைநிலைப் பொருளாகவே டோபமைன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கருதப்பட்டது. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் குழுவினர் செய்த ஆய்வே அக்கருத்தை அசைத்தது. அதிலும் ஓர் இந்திய மூலிகைக்குப் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரிக்கப்பட்ட ரெசர்பின், நரம்பு முனையிலுள்ள நுண்குமிழ்களில் கடத்திகள் சேமிக்கப்படுவதைத் தடுக்கும். சேமிப்பு இல்லையேல், சைகை வந்தாலும் நரம்பிணைப்பின் இடைவெளியில் கொட்டுவதற்குக் கடத்தி இராது. எதிர்முனையிலுள்ள ஏற்பிகள் பழுதின்றி இருந்தும் வாளாவிருக்கும். ரெசர்பின் செலுத்தப்பட்ட முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபா கொடுத்ததும் அவை எழுந்து நடமாடின; செரடோனினின் முன்பொருளைக் கொடுத்தபோது அவ்வாறு நிகழவில்லை. டோபமைனையே நேரடியாகச் செலுத்தாமைக்குக் காரணம், அது குருதியிலிருந்து மூளைக்குள் புக இயலாது என்பதே.

1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் காட்டினர். 1967இல் கோட்சியாசின் ஆய்வுக்குப்பின் டோபா மருந்தாக நிலைபெற்றது.

இவ்வரலாற்றை முன்வைத்து, முன்னோர் டோபமைனை அறிந்திருந்தனர் என்று வாதிடுவோர் உளர். அது பொருந்தாது. நடுக்குவாதம் என்னும் நோயை இனங்காண்பதும் விதையின் பயனை அறிவதும் வேறு; மூளையில் ஒரு வேதிப்பொருள் குறைவதை அறிவது வேறு. சென்னை ஆய்வுக்கும் கார்ல்சன் ஆய்வுக்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பதும் மிகையே. அதற்காக டோபா வரலாற்றை ஐரோப்பாவிலேயே தொடங்கி ஐரோப்பாவிலேயே முடித்து, 1937ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பாகக்கூடச் சுட்டாதிருப்பதும் முறையன்று. பிற்கால மருத்துவ ஆய்வுகள் மீண்டும் அவ்விதையையே நாடின என்பதை இங்குக் கருதவேண்டும். 1978இல் இந்திய மருத்துவர்கள் பூனைக்காலி விதைப்பொடியைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டனர். 2004இல் வெளியான இலண்டன் ஆய்வில், 30 கிராம் அளவிலான விதைத் தயாரிப்பு வழக்கமான டோபா மாத்திரையைவிட விரைந்து செயற்பட்டது. அவ்வாய்வில் பங்கேற்ற நோயாளிகள் எண்மரே.