சுவராகிய சுண்ணாம்புக்கல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன். அம்மண்ணின் அடியிலே சுண்ணாம்புக்கல், கரையோரத்திலே முருகைக்கல். சுவரும் இவைதான், சுவரை ஒட்டிய சாந்தும் இவைதான்.

கல்லைச் சூளையிலிட்டு எரித்தால் காபனீரொட்சைட்டு நீங்கும். எஞ்சுவதை நீரூற்றி நீற்றி, மணலுடன் குழைத்துப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாக இறுகும். கூரைக்கு, முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த புறப்பகுதி சிலாகையாயிற்று. அதன்மேல் பனையோலை, கிடுகு, வசதியுள்ளோருக்கு ஓடு. நெடுந்தீவிலோ, சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளை இன்றும் காணலாம்.

1950இல் இயங்கத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் இதே சுண்ணாம்புக்கல்லையே அரைத்தது. போரினால் 1990இல் அது நின்றது; சீமெந்துப் பழக்கம் நிற்கவில்லை.

பழைய சுவர்களுக்குச் சீமெந்து பூசுவதைக் காணும்போதுதான் எனக்குக் கவலை. சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதனை உள்ளே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்துக் கல் உதிரும். ஆகவே, வீட்டைத் திருத்துமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன் ஒருவரைத் தேடுங்கள். இளைஞர் ஒருவரையும் அவரோடு வேலைக்கு விடுங்கள்.