சதுப்பு நிலத்துக்கு வழி சொன்னவர்கள்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, அவருடைய நண்பர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் கணினி ஆட்டத்தில் படமே கிடையாது. திரையில் எழுத்து மட்டும் ஓடும். ஒரு பாதை, ஒரு குடிசை, இந்தத் திசையில் போகலாம், அந்தத் திசையில் போகலாம் என்று சொற்களாலேயே ஓர் உலகம் விரியும். பல பேர் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடலாம் என்பதுதான் புதுமை. இன்று இணையத்தில் ஆடப்படும் மாயாஜால ஆட்டங்கள் பலவற்றின் வம்சாவளி அங்கேதான் போய் நிற்கிறது. உள்ளே வரும் புதியவர் பொக்கிஷத்தைக் கண்டெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தால் பயனில்லை. அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் போட்டால்தான் பாயிண்ட் ஏறும். யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயமல்ல இது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் யாராவது சொல்ல வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு வழி சொன்னவர்தான் இந்த ஆட்டங்களின் முதல் ஆசிரியர்.

‘புதியவர்களுக்கான குறிப்புகள்’ என்று இன்று ஆயிரக்கணக்கில் எழுதப்படுபவை அந்த மனிதரின் இடத்தில் வந்து உட்கார்ந்தவை. எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது, எங்கே லெவல் ஏற்றுவது, எதில் காசைச் செலவழிக்கக் கூடாது என்று அவை சொல்லும் விவரங்களில் பிழை இல்லை. ஆனால் குறிப்பு என்பது ஒரு காலத்தில் இரண்டு பேருக்கு இடையிலான உறவாக இருந்தது. பிறகு அது வெறும் தகவலாயிற்று. இந்த மாற்றத்துக்கு ஆட்டக்காரர்களின் மனம் குறுகியது காரணமல்ல. சொல்லிக்கொடுப்பவருக்கு அதில் ஏதாவது பயன் இருக்கும்படி ஆட்டத்தின் விதிகள் அமைந்திருந்தன. பிறகு அப்படி அமையவில்லை. என் வாதம் இவ்வளவுதான்.

லெவல், அனுபவப் புள்ளி என்ற எண்ணமே 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்திலிருந்து பரவியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய அது கணினி ஆட்டமே அல்ல. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், பகடைகள், மேசையைச் சுற்றி நண்பர்கள். அவர்களில் ஒருவர் கதையை நடத்துவார். புதிதாக வந்தவர் தடுமாறினால் கண்ணெதிரே தெரியும்; கதையைச் சற்று நிறுத்தி விளக்குவார். கணினி வந்தபோது கணக்குப் போடும் வேலையை அது எடுத்துக்கொண்டது. ஆனால் முகம் பார்த்துச் சொல்லித்தரும் வேலையை அதால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வெற்றிடத்தைச் சக ஆட்டக்காரர்கள் நிரப்பினார்கள். எல்லோரும் தாராள மனதுடன் நிரப்பினார்கள் என்று சொல்லிவிட முடியாது. மட் ஆட்டத்தில் பொக்கிஷத்துக்குப் போட்டி உண்டு. தெரிந்ததை மறைப்பவருக்கு லாபம். 1996இல் பார்ட்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், தேடிப் பார்ப்பவர், பழகுபவர், தாக்குபவர் என்று நான்காகப் பிரித்தார். தேடிப் பார்ப்பவர்களுக்குத் தங்கள் அறிவில் ஒரு பெருமை உண்டு, புதியவர்கள் தங்களை ஞானக்களஞ்சியமாக நினைத்து அணுகுவது அவர்களுக்குப் பிடிக்கும் என்பது அவருடைய கணிப்பு. அந்தப் பெருமையே அவர்கள் பெற்ற கூலி.

1997 செப்டம்பரில் வந்த ‘அல்ட்டிமா ஆன்லைன்’ புதியவருக்குக் கொடுத்த முதல் பாடம் சாவுதான். நகரத்தின் காவல் எல்லைக்குள் யாராவது தாக்கினால் ‘கார்ட்ஸ்’ என்று டைப் செய்தால் போதும், காவலர்கள் வந்து தாக்கியவரை அந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். எல்லையைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. மரம் வெட்டப் போன புதியவரை வழிப்பறிக்காரர் கொன்று, சட்டை வரை உருவிக்கொண்டு போவார். அவரும் ஒரு மனிதர்தான், எங்கோ ஒரு வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர். எனவே எல்லையைத் தாண்டாதே, உள்ளதையெல்லாம் வங்கியில் போட்டுவிடு என்பவையே அன்றைய குறிப்புகள். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. அனுபவசாலிகளைக் ‘கவுன்சலர்’ என்ற பெயரில் தன்னார்வலர்களாக நியமித்துப் புதியவர்களுக்கு உதவ வைத்தது. இது உண்மையில் சம்பளம் தர வேண்டிய வேலை என்று அவர்களில் சிலர் 2000இல் வழக்குத் தொடுத்தார்கள். சொல்லித்தருவது உழைப்பு என்பதற்கு அந்த வழக்கைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டில் அந்த உலகமும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றில் சம்மதமில்லாமல் யாரையும் தாக்க முடியாது. மற்றொன்று பழையபடியே இருந்தது.

1999 மார்ச்சில் வந்த ‘எவர்குவெஸ்ட்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செத்தால் அனுபவப் புள்ளி குறையும். சில நேரம் ஏறிய லெவலே இறங்கிவிடும். உடைமைகள் எல்லாம் விழுந்த உடலோடு அங்கேயே கிடக்கும். ஆட்டக்காரர் வெறுங்கையோடு வேறோர் இடத்தில் உயிர்த்தெழுந்து, வந்த வழியைத் தேடி ஓடித் தன் உடலைத் தானே மீட்க வேண்டும். மந்திரவாதியாக ஆடினால் இன்னொரு சோதனை. தீர்ந்த சக்தியை மீட்க உட்கார்ந்து தியானம் செய்ய வேண்டும். 35ஆவது லெவல் வரை அந்த நேரம் முழுவதும் மந்திரப் புத்தகம் விரிந்து திரையை மறைத்துக்கொண்டிருக்கும். பின்னால் ஏதாவது வந்தால் தெரியாது. பக்கத்தில் நிற்கும் தோழர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கெலத்தின் என்ற நகரம் மரங்களின் உச்சியில் கட்டியது. மேடையின் விளிம்பில் தவறிக் கால் வைத்துக் கீழே விழுந்து செத்த புதியவர்களுக்குக் கணக்கில்லை. மனித இனத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இரவில் கண் தெரியாது. ஆட்டத்துக்குள் வரைபடம் கிடையாது. ஆட்டத்தை விட்டு வேறொரு திரைக்கு மாறிப் பார்க்கவும் அப்போது வழியில்லை. அதனால் ஆட்டக்காரர்கள் தாங்களே வரைந்து பகிர்ந்துகொண்ட வரைபடங்களை அச்செடுத்துக் கணினி பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட உலகத்தில் தனியாக ஆடுவது பெரும்பாலோருக்கு ஆகாத காரியம். இழந்த அனுபவத்தில் பெரும்பகுதியைத் திருப்பித்தர வல்லவர் உயிர்ப்பிக்கும் மந்திரம் தெரிந்த பூசாரி. தூரத்து ஊருக்கு நொடியில் கொண்டுபோகக் கூடியவர் இன்னொரு மந்திரவாதி. ஆகவே அன்றைய குறிப்புகளில் தலையாயது எந்த வாளை வாங்குவது என்பதல்ல, பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே என்பதுதான். சர்வரில் கெட்ட பெயர் எடுத்தவரை எந்தக் குழுவும் சேர்க்காது. புதியவரைப் பொறுமையாகப் பழக்கினால் நாளைக்குத் தன் குழுவுக்கு ஓர் ஆள் கிடைப்பார் என்பது பழையவருக்கும் தெரியும்.

அதே 1999 நவம்பரில் வந்த ‘ஆஷரான்ஸ் கால்’ இந்த உறவை வெளிப்படையான விதியாகவே எழுதிவைத்தது. இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இது. புதியவர் ஒருவர் பழையவரிடம் விசுவாசம் ஏற்கலாம். அவர் தலைவர், இவர் அடியார். அடியார் அனுபவம் ஈட்டும்போதெல்லாம் தலைவருக்கும் ஒரு பங்கு தனியாகச் சேரும். அடியாரின் கணக்கிலிருந்து எதுவும் குறையாது. தலைவருக்கும் மேலே ஒரு தலைவர் இருக்கலாம். விளைவு என்னவென்றால், அடியார் வளர்ந்தால்தான் தலைவருக்கு ஆதாயம். கவசம் கொடுப்பதும் வேட்டைக்குக் கூட்டிப்போவதும் நல்ல இடங்களைக் காட்டுவதும் தலைவரின் சொந்த நலனாகிவிட்டன. கருணையை நம்பி விடாமல், கருணைக்குக் கணக்கில் ஓர் இடம் கொடுத்த ஏற்பாடு.

அடுத்து வந்த மாற்றத்தை ஒரு சின்ன மஞ்சள் குறியில் பார்த்துவிடலாம். 2004 நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வந்தது. வேலை தரக் காத்திருக்கும் பாத்திரத்தின் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. முடித்து வந்தால் கேள்விக்குறி. எங்கே போவது, யாரிடம் பேசுவது என்று இன்னொரு மனிதரிடம் கேட்க வேண்டிய தேவையை அந்தக் குறி பெருமளவு நீக்கியது. செத்தால் அனுபவம் குறையாது. ஆவியாக ஓடி உடலைச் சேர்ந்தால் போதும். மீதியிருந்த சந்தேகங்களுக்குத் தாட்பாட் போன்ற தளங்கள் பதில் வைத்திருந்தன. 2009 டிசம்பரில் வந்த புதுப்பிப்பு, தேட வேண்டிய இடத்தை ஆட்டத்தின் வரைபடத்திலேயே அடையாளமிட்டுக் காட்டியது. முன்பின் தெரியாத ஐந்து பேரைத் தானாகவே சேர்த்துக் குகைக்குள் அனுப்பும் வசதியும் அதிலேயே வந்தது. குறிப்புகளின் தொனியும் கூடவே மாறியது. பிழைத்துக்கொள்வது எப்படி என்ற பேச்சு போய், சீக்கிரம் உச்ச லெவலை எட்டுவது எப்படி என்ற பேச்சு வந்தது. உண்மையான ஆட்டமே கடைசி லெவலுக்குப் பிறகுதான் என்பது புதியவர் காதில் முதலில் விழும் வாக்கியமாயிற்று. ஏறும் வழி முழுவதும் கழிக்க வேண்டிய கடமையாகிவிட்டது. 2020இல் 120ஆக இருந்த உச்ச லெவலை நிறுவனம் 60ஆகச் சுருக்கியதும், புதியவர்களுக்கென்று தனியாகச் சிறிய தொடக்கத் தீவு ஒன்றைக் கட்டியதும் இந்தப் பாதையின் இயல்பான அடுத்த கட்டங்கள்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. பழைய ஆட்டங்கள் கொடியவை, கசந்துபோய் விலகியவர்களின் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது முதலாவது. அது உண்மைதான். எவர்குவெஸ்ட் தன் உச்சத்தில் சில லட்சம் சந்தாதாரர்களையே வைத்திருந்தது. வார்கிராஃப்ட் 2010இல் 1.2 கோடியைத் தாண்டியது. வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டுமே ஆடக்கூடிய ஒருவருக்கு, தொலைந்த உடலைத் தேடுவதில் அந்த ஒரு மணியும் போய்விட்டால் அது ஆட்டமல்ல, தண்டனை. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: ஆட்டக்காரர்களே இதைத்தான் கேட்டார்கள். 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்டின் பழைய வடிவம் ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்ப வந்தபோது, பலர் முதல் வேலையாக ‘குவெஸ்டி’ என்ற துணைநிரலை நிறுவி, அந்த வடிவத்தில் இல்லாத வரைபடக் குறிகளைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். பழையபடி ஆட வந்தவர்களுக்கே வழிகாட்டி தேவைப்பட்டது என்றால், மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கத்துக்கு யார் ஏங்குகிறார்கள்?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கடுமையும் உறவும் ஒரே பொருளல்ல. எவர்குவெஸ்டில் அவை பின்னிக் கிடந்ததால் ஒன்றைக் களைந்தால் மற்றதும் போய்விடும் என்று தோன்றுகிறது. ஆஷரான்ஸ் காலில் உறவைத் தாங்கியது தண்டனை அல்ல, பங்கு. கிளாசிக்கிலும் அதே நாட்களில் வேறொன்றும் நடந்தது. ஆட்டம் தரும் ஒரு வேலைக்கான விலங்கு ஒன்றே ஒன்று, கொல்ல வந்தவர்கள் நூறு பேர் என்ற நிலையில், விதி எதுவும் சொல்லாமலேயே ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். கடைசியில் வந்தவருக்கு வரிசை எங்கே தொடங்குகிறது என்று சொல்லப்பட்டது. தகவலுக்கு இயந்திரத்தை நாடியவர்களே, முறை என்று வந்தபோது மனிதரோடு சேர்ந்து நின்றார்கள். தகவலை இயந்திரம் தரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. சேர்ந்து நிற்க ஒரு காரணத்தை விதிகள் தர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அப்படித் தருவது முடியாத காரியமல்ல. 2013இல் மீண்டும் கட்டி எழுப்பப்பட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ ஆட்டத்தில் புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துளிர் தெரியும். குகைக்குள் போகும் குழுவில் அந்த இடத்துக்கு முதல்முறை வருபவர் ஒருவர் இருந்தால், முடிவில் குழுவினருக்குக் கூடுதல் பரிசு உண்டு. தடுமாறும் புதியவர் அங்கே சுமையல்ல, வரவு. அனுபவசாலிகள் தகுதி பெற்று வழிகாட்டி என்ற மகுடக் குறியை அணியலாம்; அலங்காரத்துக்காக மட்டும் அணிபவர்களும் உண்டு என்ற குறை அங்கேயும் பேசப்படுகிறது. ஆனாலும் ஆட்டம் எளிது, வரைபடம் தெளிவு, புதியவருக்காக நின்று சொல்பவருக்கும் ஆதாயம் என்ற மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தியிருக்கின்றன.

ஆஷரான்ஸ் காலின் சர்வர்கள் 2017 ஜனவரி 31 அன்று நிறுத்தப்பட்டன. தலைவர், அடியார் என்று பதினேழு ஆண்டுகளாகக் கட்டப்பட்டிருந்த வரிசைகள் எல்லாம் அன்றோடு அழிந்தன.